தென்மேற்கு மூலை இல்லாத வீடு

செம்பில் தண்ணீர் மறுபடியும் குறைந்திருந்தது.

நிருபமா ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு அளந்து பார்த்தாள். நேற்றுக் காலை விளிம்பு தளும்ப ஊற்றியது. இன்று ஒரு விரற்கணு இறங்கியிருந்தது. விரலை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு மறு கையால் வயிற்றைத் தொட்டாள். வயிறு சும்மா இருந்தது. "அசை" என்றாள் வாய்க்குள். கால் மணி நேரம் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே, ஒரு மீன் வாலால் தட்டியதுபோல, ஏதோ ஒன்று லேசாகத் தட்டியது. அதற்குப் பிறகுதான் செம்பை நிரப்பினாள்.

அது 2005 ஜனவரி. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு அவர்கள் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுடைய கணவன் சீனிவாசன் திருச்சிக்காரன். அங்கே பெரிய மின்னணுக் கம்பெனியில் எஞ்சினியர். பனி கொட்டினாலும் சைக்கிளில்தான் வேலைக்குப் போவான்.

"ஹீட்டரை ஒட்டி வெச்சா தண்ணி ஆவியாத்தான் போகும் நிரு. இதுக்குப் போய் முகத்தை இப்படி வெச்சுக்கறியே."

"ஆவியாகும்னு எனக்கும் தெரியும்."

"அப்புறம் என்ன?"

"அந்த இடம் ஏன் ஹீட்டர் பக்கத்துல வந்து அமைஞ்சுது?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். பயந்தவர்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்பதைக் கல்யாணமான இரண்டே வருஷத்தில் அவன் தெரிந்துகொண்டிருந்தான்.

நிருபமா பிறந்தது மோரேயில். மணிப்பூரின் ஓரத்தில், பர்மா எல்லையை ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர். அப்பாவின் வீட்டார் ரங்கூனில் கடை வைத்திருந்த இராமநாதபுரத்துக்காரர்கள். பர்மாவில் இருக்க முடியாமல் போய், கப்பலேறிச் சென்னைக்கு வந்து, அங்கேயும் ஒட்டாமல், தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டு, தடுத்த இடத்திலேயே கூரை போட்டுக்கொண்டவர்கள். அப்பா அங்கே உள்ளூர் மெய்தெய் இனப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். ஆகவே வீட்டில் இரண்டு பாஷை, இரண்டு சாமி. கூடத்துச் சுவரில் அப்பாவின் முருகன். தென்மேற்கு மூலையில் இமாவின் வீட்டுத் தெய்வம் சனாமஹி. அம்மாவை அவர்கள் பாஷையில் இமா என்பார்கள்.

முருகன் முன்னால் நின்று நிருபமா எல்லாம் கேட்பாள்: கணக்கில் பாஸ், மழை நிற்க வேண்டும், புதுச் செருப்பு. சனாமஹி முன்னால் எதையும் கேட்டதில்லை. அந்த மூலைக்குப் பக்கத்தில் போனாலே குரல் தானாகத் தாழும். அங்கே சண்டை போடக் கூடாது, காலை நீட்டக் கூடாது. தெரியாமல் பந்து உருண்டு போய்விட்டால்கூட இமா மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்து வருவாள்.

கல்லூரிக்குச் சென்னை வந்தாள், வேலை கிடைத்தது, அதே அலுவலகத்தில் சீனிவாசன் கிடைத்தான். கல்யாணமான வருஷமே ஒரு கரு உண்டாகி ஐந்தாம் மாதத்தில் போயிற்று. ஆணா பெண்ணா என்றுகூட யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றாத நாள் இல்லை.

ஜெர்மனிக்கு விசா வந்ததும் இமா பஸ்ஸும் ரயிலுமாக நான்கு நாள் பயணம் செய்து சென்னைக்கு வந்தாள். வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த பித்தளை உருவம் ஒன்றைக் கையில் கொடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. "நீ வீடு என்று சொல்கிற இடத்தில் இவர் இருக்க வேண்டும். தென்மேற்கு மூலை. வடக்குச் சுவரோரம் இவருடைய தாய்க்குத் தண்ணீர் வை. அது வற்றக் கூடாது." வற்றினால் என்ன ஆகும் என்று இமா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயம் அந்த அளவோடு நின்றிருக்கும்.

இந்த வீட்டுக்கு வந்தபோது நிருபமாவுக்கு நான்காம் மாதம் முடியப் போகிறது. எதிரே ஐந்தாம் மாதம். மூன்றாம் நாள், டிசம்பர் இருபத்துமூன்று, அதிசயமாக மேகம் விலகிக் காலை எட்டு மணி வாக்கில் சூரியன் வந்தது. கூடத்துப் பெரிய ஜன்னலுக்கு நேர் எதிரே, எதிர்வீட்டுப் புகைபோக்கிக்குப் பின்னாலிருந்து எழும்பியது. அவள் ஓடிப்போய் ஜன்னலைப் பார்த்து நின்றாள். முன்னால் கிழக்கு. வலது கைப்பக்கம் தெற்கு. முதுகுக்குப் பின்னால் மேற்கு. இடது சுவர் வடக்கு. பின்னால் வலப்பக்கத்து மூலை தென்மேற்கு. அன்றே பித்தளை உருவத்தை அந்த மூலையில் ஒரு சின்ன முக்காலிமேல் வைத்தாள். கல்யாணச் சீரில் வந்த செம்பில் தண்ணீர் பிடித்து இடது சுவரோரம் வைத்தாள். அந்தச் சுவரில் ஒரு குட்டி ஜன்னல். அதன் கீழே ஹீட்டர். அதற்குப் பிறகு ஐந்து வாரம் சூரியனை யாரும் பார்க்கவில்லை. வெளியே பகலும் சாம்பல் நிறம்தான். அதன்பின் எட்டிப்பார்த்த நாளிலும் அது பாதி வானம் ஏறிய பிறகுதான்.

கீழ் மாடியில் மகாதேவி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரி, எண்பத்தாறில் வந்தவள். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக் கூடத்தில் வேலை. மாடிப்படியை வாரம் ஒரு வீட்டார் என்று முறைவைத்துத் துடைக்க வேண்டும். நிருபமாவின் முறை வந்தபோது, வாளியோடு அவள் குனிவதைப் பார்த்துவிட்டு மகாதேவி துடைக்கும் துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"விசரே உனக்கு? வயித்துப் பிள்ளையோட தண்ணி வாளி தூக்கிறாய். இரு உதில. கதை சொல்லு, நான் துடைக்கிறன்."

படியில் உட்கார்ந்து நிருபமா சனாமஹியின் கதையைச் சொன்னாள்.

"அப்பா சாமி ரெண்டு பிள்ளைங்களையும் கூப்பிட்டு, உலகத்தை ஏழு தரம் சுத்திட்டு முதல்ல வர்றவனுக்குத்தான் சிம்மாசனம்னு சொன்னாராம். பெரியவர் சனாமஹி உடனே கிளம்பிட்டார். சின்னவர் பாகங்பாவை அம்மா தனியா கூப்பிட்டு, நீ எதுக்கு அலையறே, அப்பாவோட சிம்மாசனத்தை ஏழு தரம் சுத்து, அது போதும்னு சொல்லிட்டாங்க."

"நில்லு நில்லு." மகாதேவி நிமிர்ந்தாள். "உது எங்கட மாம்பழக் கதையெல்லோ! உங்கட ஆக்கள் எங்களிட்டக் களவெடுத்தவையோ, நாங்கள் உங்களிட்டக் களவெடுத்தனாங்களோ?"

"யாரோ ஒருத்தர் எடுத்திருக்கோம் அக்கா."

"பேந்து? பெரியவர் கோவிச்சுக்கொண்டு மலைக்குப் போட்டாராக்கும்."

"போகலை. திரும்பி வந்து பாத்தார். தம்பி சிம்மாசனத்துல இருக்கான். அம்மா சொல்லிக் கொடுத்ததுன்னு தெரிஞ்சுது. தம்பியைக் கொல்ல வந்துட்டார். அப்புறம் அப்பாதான் சமாதானம் பண்ணி, நாட்டுக்கு அவன் ராஜா, ஒவ்வொரு வீட்டுக்குள்ளேயும் நீ ராஜான்னு ஒரு மூலையைக் கொடுத்தார்."

"கோவம் ஆறினதோ?"

"அதை யாரும் சொல்லலை அக்கா."

மகாதேவி சிரித்துக்கொண்டே அடுத்த படிக்கு இறங்கினாள். நிருபமா சிரிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து அவளை அரித்தது அதுதான். முருகனின் கோபம் வீட்டுக்கு வெளியே, தூரத்து மலைமேல் இருக்கிறது. வேண்டுமானால் காவடி எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சனாமஹியின் கோபமோ வீட்டுக்குள்ளேயே, நாம் சாப்பிடுகிற, தூங்குகிற இடத்திலேயே, மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே வீட்டில், எதிர்ப்பக்கத்துச் சுவரோரம், அவரை ஏமாற்றிய தாய் தண்ணீராக இருக்கிறாள்.

ராத்திரிகளில் இன்னொன்றும் தோன்றும். அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. மூத்த பிள்ளை சுற்றப் போயிருக்கிறது. இரண்டாவது உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. மூத்தது திரும்பி வந்து பார்த்தால்?

ஐந்தாம் மாதம் கடந்தது. ஆறும் ஏழும் கடந்தன. செம்பு மட்டும் தினமும் ஒரு கணு இறங்கியது. ஹீட்டரை அணைத்துவிட்டு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். "வீடா ஐஸ் பெட்டியா இது?" என்று சீனிவாசன் வந்ததும் திருகி வைத்துவிடுவான். செம்பை நகர்த்தலாம். ஆனால் நகர்த்தினால் அது வடக்குச் சுவராக இருக்காது.

மார்ச் கடைசியில் டாக்டரம்மாவிடம் போனபோது மகாதேவியையும் கூட்டிக்கொண்டு போனாள். நிருபமாவின் ஜெர்மன் வகுப்பு இன்னும் கடையில் ரொட்டி வாங்குகிற பாடத்தைத் தாண்டவில்லை. டாக்டரம்மா வயிற்றின்மேல் கருவியை நகர்த்தி நகர்த்தி, திரையையே வெகு நேரம் பார்த்தாள். பிறகு நிதானமாகப் பேசினாள். நிருபமா பயப்பட அந்த நிதானமே போதுமாக இருந்தது.

"என்னக்கா சொல்றாங்க?"

மகாதேவி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள். "பனிக்குடத்துத் தண்ணி கொஞ்சம் குறைவாம் பிள்ளை. பயப்பிட வேண்டாமாம். கிழமைக்கு ரெண்டு தரம் வந்து காட்டச் சொல்லி டெர்மின் தந்திருக்கிறா. இடப்பக்கம் சரிஞ்சு படுக்கட்டாம். ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது பிள்ளை துடிக்குதோ எண்டு எண்ண வேணுமாம். குறைஞ்சால் டெர்மினைப் பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம், உடன பெரியாஸ்பத்திரிக்குப் போகட்டாம்."

பயப்பட வேண்டாம் என்பது நிருபமாவின் காதில் ஏறவில்லை. தண்ணீர் குறைவு என்பது மட்டும் ஏறியது. வீடு வரும்வரை மகாதேவியின் காரில் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் செம்பிடம் போனாள். ஒரு கணு.

ஏப்ரல் ஆறு, புதன்கிழமை. விடிந்தும் விடியாமலும் எழுந்து கூடத்துக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். செம்பு எரிவதுபோல் ஜொலித்துக்கொண்டிருந்தது. குட்டி ஜன்னல் வழியாகச் செக்கச் சிவந்த வெளிச்சம் சாய்வாக வந்து அதன்மேல் விழுந்திருந்தது. பெரிய ஜன்னலுக்கு நேரே வானம் வெறுமையாக இருந்தது.

சூரியன் வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"சீனு!" என்று அவள் போட்ட சத்தத்தில் சீனிவாசன் பல் துலக்குகிற பிரஷ்ஷோடு ஓடி வந்தான். "என்ன? வலிக்குதா?"

அவள் செம்பைக் காட்டினாள். அவன் வெளிச்சத்தைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"சூரியன்தானே? குளிர்காலத்துல இங்க தென்கிழக்குல எழும். அப்புறம் நகர்ந்து நகர்ந்து ஜூன்ல வடகிழக்குக்கே போயிடும். நம்ம ஊர்ல அவ்வளவு தெரியாது. இது ரொம்ப வடக்கே இருக்கிற ஊர் இல்லையா..." பேசிக்கொண்டே போனவன் பாதியில் நிறுத்தினான். அவள் முகத்திலிருந்து அவனுக்கே புரிந்துவிட்டது. "நீ... சூரியனை வெச்சா திசை பாத்தே?"

"வேற எதை வெச்சுப் பாப்பாங்க?"

அவனுடைய சைக்கிள் ஒரு மாணவனிடம் வாங்கிய பழைய வண்டி. அதன் மணியின் தலையில் ஒரு சின்னத் திசைகாட்டி பதித்திருந்தது. வேலைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று நிலவறைக்குப் போய் மணியைக் கழற்றிக்கொண்டு வந்தான். ஹீட்டர் பக்கம் போனால் முள் தடுமாறியது. கூடத்து நடுவில் நின்று, உள்ளங்கையில் மணியை வைத்துக்கொண்டு, மெல்லச் சுற்றினான். இரண்டாம் தடவையும் சுற்றினான்.

"வீட்டையே கோணலா கட்டியிருக்கான் நிரு. மூலையெல்லாம் நேர்த் திசையில நிக்குது. ஜன்னலுக்கு இந்தப் பக்க மூலை கிழக்கு. அந்தப் பக்கம் தெற்கு. நீ சாமி வெச்சிருக்கிறது மேற்கு. செம்பு வெச்ச சுவர் வடகிழக்கு. வடக்குங்கிறது அந்தச் சுவரோட கடைசி மூலை, அலமாரிப் பக்கம்."

"தென்மேற்கு மூலை?"

அவன் வலது பக்கத்துச் சுவரை நோக்கி நடந்தான். சுவரின் நட்ட நடுவில், டெலிவிஷன் பெட்டிக்குப் பின்னால், கை வைத்தான். "தென்மேற்கு இங்க. மூலை... இல்ல. இந்த வீட்டுக்குத் தென்மேற்கு மூலையே இல்ல."

அவன் இதை விளையாட்டாகத்தான் சொன்னான். நிருபமா சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிம்மாசனத்தை ஏமாற்றிப் பிடுங்கிக்கொண்டு அதற்குப் பதிலாக அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு மூலை. அந்த மூலையையும் அவள் கொடுக்கவில்லை. மூன்றரை மாதமாக அவரை வேறு எங்கேயோ உட்கார வைத்து, அதுதான் உங்கள் இடம் என்று விளக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். தாயின் தண்ணீரை நெருப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

போன் அட்டையைச் சுரண்டி மோரேக்குப் போட்டாள். நான்காம் தடவைதான் கிடைத்தது. இமா எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். கம்பியில் ஒரே இரைச்சல். பிறகு சொன்னாள்: நீ தொடாதே. வீட்டு ஆண்மகன் குளித்து, சாப்பிடாமல், காலையில் எடுத்து வைக்க வேண்டும். அதுவரை வெள்ளைத் துணியால் மூடி வை. மூடிய பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயும் போகாதே. நம் வீட்டில் அப்படிச் செய்ததில்லை.

"சனிக்கிழமை செய்யறேன்" என்றான் சீனிவாசன். "பட்டினியோட. சத்தியமா. ரெண்டு நாள்தானே?"

அவளே போய் ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் மூடினாள். துணிக்குள்ளே பித்தளைத் தலை மட்டும் மேடாகத் தெரிந்தது. அந்த இரண்டு நாளும் கூடத்தில் இருக்கும்போது அவள் அந்தப் பக்கம் முதுகு காட்டவில்லை. காய் நறுக்கினாலும் பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை. காலெண்டர் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத்தான் அவள் துடிப்பை எண்ணுவாள். மற்ற நாளில் பத்து மணிக்கெல்லாம் பத்துக் கோடு விழுந்துவிடும். அன்று பன்னிரண்டு மணிக்கு இரண்டு கோடு. சர்க்கரைத் தண்ணீர் குடித்தாள். இடப்பக்கம் படுத்தாள். குளிர்ந்த தண்ணீர் குடித்தாள். இரண்டு மணி. வயிற்றைத் தட்டி, "தங்கம், தங்கம்" என்றாள். மூன்று மணி. இரண்டே கோடு.

போக வேண்டும் என்று தெரியும். டாக்டரம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. எழுந்து குளிருக்குப் போடுகிற கோட்டை எடுத்தாள். கதவு வரை போனாள். பூட்டிக்கொண்டு போகாதே. திரும்பிப் பார்த்தாள். வெள்ளைத் துணி அப்படியே இருந்தது. மூடி வைத்துவிட்டு ஓடுகிறாயா என்று யாரோ கேட்டதுபோல் இருந்தது. சீனிவாசனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை; ஐந்து மணிக்கு வந்துவிடுவான். அவன் வந்து வீட்டில் இருந்தால் போகலாம். இரண்டு மணி நேரம். இவ்வளவு நாள் பொறுத்தவர் இரண்டு மணி நேரம் பொறுக்க மாட்டாரா? அவர் பொறுப்பார், பிள்ளை பொறுக்குமா? கோட்டோடு கதவுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அழைப்பு மணி அடித்தது. மகாதேவி. கையில் மூடிய பாத்திரம்.

"இடியப்பமும் சொதியும். சுடச் சுடச் சா..." சொல்லி முடிக்கவில்லை. "ஏன் நிலத்தில இருக்கிறாய்? ஏன் உந்தக் கோட்டு?"

"அசையலை அக்கா. காலைல இருந்து ரெண்டே தரம்."

"எத்தினை மணியில இருந்து?"

"காலைல இருந்து."

"காலைல இருந்து அசைய இல்லை, நீ கதவடியில குந்திக்கொண்டு இருக்கிறாய்! எழும்பு."

"வீட்டைப் பூட்டக் கூடாது அக்கா. அவரை மூடி வெச்சிருக்கு. சீனு வந்து..."

"எழும்படி!"

"அவர் கோவமா இருக்கார் அக்கா!" நிருபமாவுக்கு அப்போதுதான் அழுகை வெடித்தது. "நான் அவருக்கு மூலையே கொடுக்கலை. இப்ப விட்டுட்டுப் போனா இதையும் எடுத்துக்குவார். எனக்குத் தெரியும்."

மகாதேவி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஒரு கணம் அந்த வெள்ளைத் துணியை அவளும் பார்த்தாள்.

"இஞ்ச பார். நீ எனக்குக் கதை சொன்னனி. உலகத்தை ஏழு தரம் சுத்தினவர் எல்லோ உவர்? பெரியாஸ்பத்திரிக்கு எத்தினை தூரம்? கார் எடுத்தால் ஏழு நிமிசம். ஏழு தரம் சுத்தினவருக்கு ஏழு நிமிசம் ஏலாதோ? விட்டிட்டுப் போகப் பயமெண்டால் கூட்டிக்கொண்டு போவம்."

"நான் தொடக் கூடாது."

"நீ தொடாதை. நான் தொடுறன். குளிச்சிட்டுத்தான் வந்தனான். ஆம்பிளைதான் தூக்க வேணும் எண்டு அவர் கேட்டால், ரெண்டு பிள்ளையையும் ஒரு புருசனையும் கொழும்பில இருந்து இஞ்ச வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தவள் நான்தான் எண்டு சொல்லுறன்."

பேசிக்கொண்டே மூலைக்குப் போனாள். குனியுமுன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். துணியோடு சேர்த்து எடுத்து, தன் கைப்பையின் உள் அறையில் வைத்து, ஜிப்பை முழுவதும் இழுக்காமல் கொஞ்சம் திறந்து விட்டாள்.

"மூச்சு விடட்டும். நட. கெதியா."

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டினார்கள். அதற்குள் மகாதேவி சீனிவாசனுக்குப் போன் செய்துவிட்டு வந்தாள். பெட்டிக்குள்ளிருந்து குதிரை ஓடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. இருக்கிறது என்று நிருபமா கண்ணை மூடினாள். குதிரை தடுமாறியது. வெகு தூரம் போய்விட்டதுபோல் மெதுவாயிற்று. மறுபடி ஓடியது. மறுபடி தடுமாறியது. காகிதத்தில் கோடு பள்ளம் பள்ளமாக விழுந்துகொண்டு வந்தது. ஒரு டாக்டர் வந்து பார்த்தார்; வெளியே போய் இன்னொருவரோடு வந்தார். அந்த இரண்டாமவர் சொன்னதில் ஒரே ஒரு வார்த்தை நிருபமாவுக்குப் புரிந்தது. வகுப்பில் முதல் வாரமே படித்த வார்த்தை. இப்போது.

கையெழுத்து வாங்கினார்கள். படுக்கையோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

"அக்கா, அவரை உள்ளே கொண்டு வராதீங்க. பிரசவம் நடக்கிற இடம்..."

"தெரியும். நாங்கள் ரெண்டு பேரும் வெளியில இருக்கிறம். நீ போட்டு வா."

மயக்க மருந்து முகமூடியை வைத்தபோது அவள் திசையைத் தேடினாள். அந்த அறையில் ஜன்னல் இல்லை.

விழிப்பு வந்தபோது வாய் வறண்டிருந்தது. பக்கத்தில் சீனிவாசன். தலையில் சைக்கிள் ஹெல்மெட் இன்னும் இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்பதையே அவன் மறந்திருந்தான்.

"பொண்ணு" என்றான். "ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது கிராம்."

"அழுதாளா?"

"அழுதா. நானே கேட்டேன். கதவுக்கு வெளியில நின்னு கேட்டேன்."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியம். பூனைக்குட்டி மாதிரி. ஆனா அழுதா."

நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யவில்லையாம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார்களாம். எவ்வளவு நேரம் என்று அவள் கேட்கவில்லை. கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்த நேரத்தை அவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கை அவள் பிறகும் பல வருஷம் எண்ணினாள்.

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் பகுதிக்குப் படுக்கையோடு அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியில் காத்திருப்போர் இடம். நான்கு நாற்காலி, ஒரு காபி இயந்திரம், தொட்டியில் ஒரு செடி. செடிக்குப் பின்னால் மூலையில், விரித்த வெள்ளைத் துணிமேல், சனாமஹி உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் ஜன்னல் திட்டில் காபி இயந்திரத்துப் பிளாஸ்டிக் குவளை, நிறையத் தண்ணீர். பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மகாதேவி காவல் இருந்தாள்.

நிருபமா சீனிவாசனைப் பார்த்தாள். அவன் கோட்டுப் பையிலிருந்து சைக்கிள் மணியை எடுத்துக் காட்டிவிட்டு, தப்பு செய்தவன்போல உடனே உள்ளே போட்டுக்கொண்டான்.

"உள்ளே என்ன நடக்குதுன்னு யாரும் சொல்லலை. எனக்கு... வேற என்ன பண்றதுன்னு தெரியலை. ரெண்டு தரம் பாத்தேன். மத்தியானமும் சாப்பிடலை, அதனால பட்டினிதான். இங்க மூலை சரியா இருக்கு நிரு."

"கூட்ட வாற பொம்பிளையிட்டயும் சொல்லிப்போட்டன்" என்றாள் மகாதேவி. "என்னெண்டு கேட்டவ. குடும்பத்தில மூத்தவர் எண்டு சொன்னனான். அந்தப் பக்கம் துடைக்காமப் போட்டா."

மூன்று வாரம் கழித்துக் குழந்தை மதுமதி வீட்டுக்கு வந்தாள். அதற்குள் சீனிவாசன் டெலிவிஷன் பெட்டியை நகர்த்தியிருந்தான். வலது சுவரின் நடுவில் இரண்டு பலகைகளை ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருகி, அவை சேருமிடம் அச்சாகத் தென்மேற்கைப் பார்க்கும்படி அடித்து, கீழே ஒரு தட்டு வைத்திருந்தான். மூலை இல்லாத வீட்டில் ஒரு மூலை. குளித்து, சாப்பிடாமல், ஒரு சனிக்கிழமை காலை அவனே உருவத்தை எடுத்து வைத்தான். செம்பு வடக்கு மூலைக்குப் போயிற்று. அங்கே ஹீட்டர் இல்லை. தண்ணீர் குறைவது நிற்கவில்லை. வாரத்துக்கு ஒரு கணு இறங்கியது. நிருபமா தினமும் விரல் விட்டுப் பார்ப்பதும் நிற்கவில்லை.

தட்டில் உருவத்தை ஒரு ஓரமாகத்தான் வைக்கச் சொன்னாள் அவள். மறு ஓரத்தில் ஒரு சாண் இடம் வெறுமையாக இருந்தது.

"இங்க காலியாதானே இருக்கு? விளக்கை இதுல வைக்கலாமே" என்றான் சீனிவாசன்.

"வேணாம் சீனு. அது இருக்கட்டும்."

"யாருக்கு?"

அவள் அந்த இடத்தை, ஒரு பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல, உள்ளங்கையால் தடவினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு விளக்கைத் தரையில் வைத்தான்.

உள்ளறையில் மதுமதி அழத் தொடங்கினாள். அந்த அழுகை கேட்டுக்கொண்டிருந்த வரை நிருபமா அவசரப்படவில்லை. திரியைத் தூண்டிவிட்டு, கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். அது நின்றபோதுதான் ஓடினாள்.